பதினைந்து கஜத் தண்டனை பற்றி என் தங்கைக்கு

வெஸ்லிங், நெப்ராஸ்கா
நவம்பர் 17, திங்கட்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய தங்கை திருமதி லோர்னா ஓல்ட்மனுக்கு, அண்ணன் மெர்ல் குபிக் பணிவுடன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். கணவரை அடக்கம் செய்து ஒன்பது நாளே ஆனவளிடம் நலமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி மழுங்கவில்லை. நான் நலம் என்று எழுதினால் அது பொய். ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு, உன் வீட்டுக் கூரைத் தகரம் சனிக்கிழமைக் காற்றில் பறக்காமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறேன்.

நாலு தெரு தள்ளி இருப்பவன் எதற்குத் தபால் போடுகிறான் என்று நினைப்பாய். மூன்று தடவை வந்து மணி அடித்தேன். உள்ளே டிவி சத்தம் குறைந்தது, பிறகு நின்றது, கதவு மட்டும் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊருக்குத் தபால் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? இந்தக் கடிதம் இங்கிருந்து இருநூறு மைல் ஒமாஹாவுக்குப் போய், அங்கே முத்திரை குத்தப்பட்டு, மறுபடி இருநூறு மைல் திரும்பி, உன் வாசலுக்கு வர மூன்று நாள் ஆகும். அதற்குள் உன் கோபம் ஒரு பிடி குறையும் என்பது என் கணக்கு. கணக்குத் தப்பினால் அடுப்பில் போட்டுவிடு, ஆனால் படித்துவிட்டுப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 24ஆம் தேதி பிராக்டன் பள்ளியோடு நடந்த ஃபுட்பால் ஆட்டத்தில் உன் மகனும் என் ஒரே மருமகனுமான கோல்பிமேல் நான் விதிமீறல் என்று மஞ்சள் கொடியை வீசியது பற்றி ஊர் என்னென்னவோ பேசுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உனக்காவது உண்மை தெரிய வேண்டும். முதலில் சட்டம். நீ இப்போது கண்ணை உருட்டுவது எனக்குத் தெரிகிறது, இருந்தாலும் சட்டத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வராது. ஒருவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான், நாலு பேர் அவன்மேல் விழுகிறார்கள், அல்லது அவன் கோட்டைத் தாண்டி டச் டவுன் போடுகிறான், நாங்கள் விசில் ஊதுகிறோம். அந்த விசிலோடு பந்து அவனுடையதல்ல. பக்கத்தில் நிற்கும் நடுவர் கையில் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அவர் காலடியில் வைக்க வேண்டும். எறியக் கூடாது, உதைக்கக் கூடாது, தரையில் பம்பரமாகச் சுற்றிவிடக் கூடாது, எடுத்துக்கொண்டு போய்விடவும் கூடாது. மறுபடி ஆட்டம் தொடங்க இருப்பது இருபத்தைந்து நொடி. அதற்குள் பந்து எங்கே பந்து எங்கே என்று அறுபத்தேழு வயதுக்காரன் புல்லில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இந்த மாவட்டத்தில் பள்ளி பள்ளியாகப் போய் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பையன்களை வரிசையில் நிறுத்தி, பந்தை எப்படித் திருப்பித் தருவது என்று சொல்லிக் கொடுத்தவர் உன் கணவர், நம் மாப்பிள்ளை ரெக்ஸ். தலைமை நடுவரின் வெள்ளைத் தொப்பியை இருபது வருஷம் போட்டவர். "விருந்தாளிக்குத் தட்டு கொடுக்கிற மாதிரி குடுங்கடா, அவர் புடிச்சாச்சுன்னு தெரிஞ்சப்புறம் கையை எடுங்க" என்பார். அவர் பக்கத்தில் நின்று பந்து வாங்கிக் காட்டும் வேலை எனக்கு. ஒரே மத்தியானத்தில் நாற்பது பையன்கள் நாற்பது தடவை என் கையில் பந்து வைப்பார்கள், மறுநாள் தோளைத் தூக்க முடியாது. ஒருமுறை ஆர்ச்சர் ஊர்த் தடியன் ஒருவன் சொல்பேச்சுக் கேட்காமல் ஆட்டத்தின் நடுவே பந்தை என் முகத்தில் எறிந்து என் கீழ்ப் பல்செட்டு புல்லில் விழுந்தது நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு பள்ளிக் கூட்டமும் பார்க்க முழங்காலில் தவழ்ந்து தேடி எடுத்து, தன் தண்ணீர்ப் போத்தலில் கழுவி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். விருந்தாளிக்குத் தட்டு கொடுக்கிற மாதிரி. அப்படிப்பட்ட மனிதரின் மகன் என்பதால்தான் கோல்பி கூடுதல் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்பது என் முதல் வாதம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் நடுவராக வரவே இல்லை. சொந்தக்காரப் பையன் ஆடும் ஆட்டத்தில் நடுவராக நிற்பது அழகல்ல என்று நாலு வருஷமாக ஒதுங்கியே இருந்தேன், பார்வையாளனாகக் கைதட்டத்தான் வந்தேன். நீ லாரியை வடக்கு எல்லைக் கயிற்றுக்கு ஒட்டி நிறுத்தியிருந்தாய், மாப்பிள்ளை கம்பளி போர்த்தி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார், நடுவில் எனக்கு இடம் விட்டு ஃபிளாஸ்க்கில் சில்லிக் குழம்பும் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தாய். அந்த நேரம் பார்த்து நாலாவது நடுவரின் கார் நெடுஞ்சாலையில் மானை இடித்துக்கொண்டது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்குத்தான். இரண்டு பயிற்சியாளர்களும் வந்து, மெர்ல், நீங்கள் நின்றால் ஆட்டம், இல்லாவிட்டால் இல்லை என்றார்கள். என் கோடுபோட்ட நடுவர் சட்டை எப்போதும் கார் டிக்கியில் ஸ்டெப்னியோடுதான் இருக்கும், உனக்குத் தெரியும்.

நீ சொன்னாய்: "வேணாம் அண்ணே. இன்னிக்கு ஒரு நாளு எங்களோட உக்காரு."

நான் ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போனேன். இதை மறைக்கவில்லை. நீ சொன்னது என் காதில் விழுந்தது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், ஆனால் ஊர் பாதியிலிருந்துதான் சொல்கிறது. நாற்பது நொடி மீதி. பிராக்டன் முப்பத்தைந்து, நாம் இருபத்தெட்டு. கோல்பி பந்தை வாங்கி, ஒருவனைத் தோளால் இடித்து, இன்னொருவன் கையில் பாதிச் சட்டையை விட்டுவிட்டு, வடக்குக் கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி, முப்பத்து நாலு. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, மூன்று கஜம் தள்ளியிருந்து பந்தை உள்ளே கொண்டுபோனால் இரண்டு புள்ளி, ஜெயம், நாலு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த சுற்று. கோட்டில் நான் நின்றேன். விசில் ஊதினேன், இரண்டு கையையும் உயர்த்தி டச் டவுன் காட்டினேன், கையை இறக்கி, பந்துக்காக நீட்டினேன். அவன் என்னைத் தாண்டி ஓடினான். கயிற்றைத் தாண்டினான். லாரி ஜன்னல் வழியாகப் பந்தை அவன் அப்பா மடியில் வைத்தான். அத்தனை கார்களும் ஹாரன் அடித்தன. நான் கொடியை வீசினேன். ஹாரன் ஒவ்வொன்றாக நின்றது.

தலைமை நடுவர் ஓடி வந்து என் காதோரம், "பாத்துக்க மெர்ல், இப்பகூடக் கொடியை எடுத்துக்கலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். வேண்டாம், பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனான், ஒழுங்கீனம், பதினைந்து கஜம் என்றேன். பந்தை மீட்கும் பொறுப்பும் என்னுடையது. லாரிக்கு வந்தேன். மாப்பிள்ளை ஜன்னல் வழியாக இரண்டு கையாலும் பந்தை நீட்டி, நான் பிடித்தாயிற்று என்று தெரிந்தபிறகு கையை எடுத்தார். நீ கண்ணாடியை ஏற்றினாய். மூன்று கஜத்திலிருந்து ஆட வேண்டியது பதினெட்டு கஜத்திலிருந்து ஆனது, பந்து எவன் கைக்கும் போகாமல் தரையில் விழுந்தது, ஒரு புள்ளியில் தோற்றோம்.

அன்றிலிருந்து பட்ட காலிலே படுகிறது. டீஸ்டல் காபிக் கடையில் நான் உட்கார்ந்ததும் தானிய மண்டி ஆட்கள் நாலு பேரும் பாதிக் கோப்பையோடு எழுந்து போய்விடுகிறார்கள், அவர்கள் விட்டுப்போன காபிக்கும் சேர்த்து என்னிடம் பில் வருகிறது. முடி வெட்டுகிறவர் ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு நேரமாகிவிட்டது என்று கடையை அடைத்தார், அடக்கத்தன்று என்னைப் பார்த்திருப்பாயே, அதுதான் காரணம், குடித்துவிட்டு நானே வெட்டிக்கொண்டதாக வரும் செய்தி தவறு. என் தபால் பெட்டியில் யாரோ மஞ்சள் துண்டுகளாகக் கட்டுகிறார்கள், இதுவரை பதினொன்று, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், நல்ல பருத்தி. போன ஞாயிறு தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு எனக்கு முன் வரிசையிலிருந்து எனக்குப் பின் வரிசைக்கு என் தலைக்கு மேலேயே போயிற்று. நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டி, பக்கத்தில் நிற்பவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பிரசங்கம் நின்றது. போதகர் என் பக்கம் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இதெல்லாம் போகட்டும். நீ கேட்க வேண்டியது இது ஒன்றுதான். ஆட்டத்துக்கு நாலு நாள் கழித்து, நீ மருந்து வாங்கப் போன நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்தேன். செவிலிப் பெண்ணிடம் விசாரித்துப் பார், இருபது நிமிஷம் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியான தீர்ப்பு மச்சான், நான் நின்னிருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. ஒரு தலைமை நடுவரே சொன்னபிறகு ஊரார் தீர்ப்பு எதற்கு? இது என் இரண்டாவது வாதம், இதற்குமேல் வாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் நடந்ததற்கு மட்டும் என்னிடம் வாதம் இல்லை. பெட்டி தூக்கும் ஆறு பேரில் என் பெயரை நீ சேர்க்கவில்லை, அது உன் உரிமை. ஆனால் அவரோடு ஆடுகளத்தில் நின்ற நடுவர்கள் எல்லாரும் கோடுபோட்ட சட்டையில் வரிசையாக நிற்க வேண்டும் என்று மற்ற மாவட்டக்காரர்கள் முடிவு செய்தார்கள், நானும் நின்றேன். சட்டையைப் போட்டால் நான் வேறு ஆள் லோர்னா, இதை என் மனைவி உயிரோடிருந்தபோதே சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூடம் கொடுத்த அந்த ஆட்டத்துப் பந்து பெட்டிமேல் இருந்தது. பெட்டியை இறக்கும் முன் போதகர் அதைக் கையில் எடுத்து, யாரிடம் கொடுப்பது என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். அவர் தேடியது கோல்பியை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் நிற்கும் நடுவர் நான். கால் தானாக முன்னால் போயிற்று. வாங்கினேன். வாங்கி, குழிக்கு ஓரமாகத் தரையில் வைத்து, பக்கத்தில் வலது காலை ஊன்றி இடம் குறித்து, நேரக் கடிகாரம் ஓடட்டும் என்று கையைச் சுற்றிவிட்டேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிராக்டன் நடுவர் ஒருவர் அதே பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் நான் கவனித்தேன், ஆனால் அவரை யாரும் திட்டவில்லை.

நீ சத்தமில்லாமல், "அவரு போற இடத்துலயுமா அண்ணே கோடு போடணும்?" என்று கேட்டாய்.

பந்தை எடுத்துக்கொண்டு கோல்பியிடம் போனேன். இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நீங்களே வெச்சுக்குங்க மாமா. எப்படியும் உங்க கைக்குத்தானே வரணும்."

அந்தப் பையன் என்னிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. ஆறு வயதில் உன் சமையலறையில் உப்புக் குப்பியிலிருந்து செருப்பு வரைக்கும் எதை எடுத்தாலும் ஓடி வந்து என் கையில் வைத்துவிட்டு, நான் விசில் ஊதுவேனா என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அன்று அடக்கம் முடிந்து தேவாலய அடித்தளத்தில் பன்றித்தொடை சாண்ட்விச் பரிமாறினார்கள், நான் வரவில்லை. கார் டிக்கியைத் திறந்து சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பனியனோடு வீடுவரை ஓட்டிப் போனேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. பந்து என் பக்கத்து இருக்கையில் இருந்தது, அதற்கு பெல்ட் போட்டேன், ஏன் என்று கேட்காதே.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நன்றி நாள் விருந்து. என் மனைவி போனபிறகு ஒன்பது வருஷமும் உன் மேசையில்தான் சாப்பிட்டேன். இந்த வருஷம் என்னைக் கூப்பிடு என்று கேட்க இதை எழுதவில்லை. கூப்பிட்டாலும் வரமுடியுமா என்று யோசிக்க வேண்டும், பல வேலைகள் இருக்கின்றன. ஆனால் கோல்பி ஜனவரியில் மின்கம்ப வேலை படிக்க கேன்சஸ் போகிறான் என்று டீஸ்டலில் யாரோ என் காதில் விழும்படி பேசினார்கள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவானோ என்பதுதான் என் கவலை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சட்டப்படி நான் செய்தது சரி என்று நீ அவனுக்கு எடுத்துச் சொன்னால் போதும். மாப்பிள்ளை சொன்னதையும் சொல். அப்பா வாக்கை அவன் தட்டமாட்டான்.

இந்தக் குளிருக்கு உன் வீட்டுக் குழாய்கள் உறையாமல் இருக்கட்டும். உன் தூக்கம் திரும்பி வரட்டும். தனியாகச் சமைத்தாலும் உப்புப் போட்டுச் சாப்பிடு, மாப்பிள்ளைக்காக உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து நீ ருசியையே மறந்துவிட்டாய். கோல்பிக்கு என் ஆசிகள். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பட்டும், உறையும் தபால்தலையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

என்றும் உன் அண்ணன்,
மெர்ல் குபிக்
மாவட்ட நடுவர் சங்க உறுப்பினர் (ராஜினாமா அனுப்பியாயிற்று)

பி.கு. உறையை ஒட்டித் தபாலாபீஸ்வரை போய்த் திரும்பி வந்து பிரித்து இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை சரியான தீர்ப்பு என்று சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது நிமிஷமும் நான்தான் சட்டம் பேசினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கையை நீட்டிக்கிட்டு நின்னீங்கல்ல மச்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "லாரிலேர்ந்து பாத்தேன். பாவம், அவன் ஒருத்தர்கிட்டதானே ஓட முடியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சட்டத்தில் எத்தனை நொடிக்குள் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை லோர்னா, நேற்று முழுக்கத் தேடினேன். மாப்பிள்ளையாக இருந்தால் அந்தப் பையன் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நாலு வருஷமாக நான் ஒதுங்கி நின்ற ஆட்டத்தில் முதல் தடவை கோட்டில் நின்றேன், அவன் என்னை நோக்கி ஓடி வருகிறான் என்று நினைத்தேன், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான், அத்தனை பேர் முன்னால் என் கை வெறுமனே நீண்டிருந்தது, எனக்கு வலித்தது. அதனால்தான் வீசினேன். சாகக் கிடக்கிற மனிதர்மேல் எனக்குப் பொறாமை. இதை நீயே கோல்பியிடம் சொல்லிவிடு. நான் சொல்லத் தொடங்கினால் மறுபடி சட்டத்தில்தான் போய் நிற்பேன்.